பஹாசா என்றால் மொழி மட்டுமில்லை: மலாய் மேடைப் பேச்சின் உள்கணக்கு

கோலாலம்பூரில் எந்தச் சாலையைத் தோண்டினாலும் பக்கத்தில் ஒரு பலகை நிற்கும். ‘கெசுலித்தான் அமாட் டிகெசாலி’ என்று எழுதியிருக்கும். சொல்லுக்குச் சொல் தமிழில் வைத்தால், ‘சிரமம் பெரிதும் வருந்தப்படுகிறது’. யார் வருந்துகிறார்கள்? தோண்டிய ஒப்பந்தக்காரரா, நகராண்மைக் கழகமா, குழாய் போட வந்த கம்பெனியா? பலகையில் பதில் இல்லை. வினைச்சொல்லின் தலையில் ஒட்டியிருக்கும் ‘டி’ என்ற ஒற்றை எழுத்து அந்தக் கேள்வியையே எழவிடாமல் பார்த்துக்கொள்கிறது. தமிழ்நாட்டுப் பலகையில் ‘சிரமத்திற்கு வருந்துகிறோம்’ என்று இருக்கும். அந்த ‘ஓம்’ விகுதிக்குப் பின்னால் முகம் தெரியாவிட்டாலும் யாரோ நாலு பேர் நிற்கிறார்கள். மலாய்ப் பலகையில் வருத்தம் மட்டும் தனியாக நிற்கிறது.

இதைப் பார்த்துவிட்டு ‘பொறுப்பைத் தட்டிக்கழிக்கும் அரசாங்க மொழி’ என்று முடிவுகட்டினால் பாதிதான் சரி. மலாய் மொழியில் செயலைச் செய்தவரைப் பின்னுக்குத் தள்ளி, செயலை முன்னே வைப்பது நல்ல எழுத்தின் இயல்பான வழி. பழைய மலாய் உரைநடை முழுக்க இப்படித்தான் நடக்கும். ‘நான் சொன்னேன், நான் செய்தேன்’ என்று நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு வாக்கியம் தொடங்குவது காதுக்கு உறுத்தும். அதிகாரிகளுக்கு இந்த இயல்பு வசதியாகப் போய்விட்டது என்பதும் உண்மைதான். பணிவு எங்கே முடிகிறது, நழுவல் எங்கே தொடங்குகிறது என்று பிரித்துப் பார்ப்பதுதான் மலாய்ப் பொதுப்பேச்சைக் கேட்பவருக்கு உள்ள வேலை.

‘பஹாசா’ என்ற சொல்லையே எடுத்துக்கொள்வோம். வடமொழி ‘பாஷா’ தான் மலாயில் பஹாசா ஆனது. தமிழில் அதுவே ‘பாஷை’. ஆனால் மலாயில் அந்தச் சொல்லுக்கு இன்னொரு பொருளும் ஏறிவிட்டது: பண்பு, மரியாதை. ஒருவரைப் பற்றி ‘தா தாஹு பஹாசா’ என்று சொன்னால் அவருக்கு மொழி தெரியாது என்று அர்த்தமில்லை. எங்கே எப்படி நடந்துகொள்வது என்று தெரியாதவர் என்று அர்த்தம். நல்ல பண்புக்கு ‘பூடி பஹாசா’ என்று பெயர். பூடி நம் ‘புத்தி’யின் உறவுக்காரச் சொல், மலாயில் அது நற்குணம், செய்த உதவி என்று பொருள் மாறி நிற்கிறது. ‘பூடி பஹாசா, நம் பண்பாடு’ என்று அரசாங்கமே ஒரு காலத்தில் பிரச்சாரம் நடத்தியது.

வசைச்சொற்களும் இதே பக்கம்தான் கைகாட்டுகின்றன. மலாயில் ஒருவரைக் கொதிக்க வைக்க வேண்டுமென்றால் ‘குராங் அஜார்’ என்றால் போதும். நேர்ப்பொருள் ‘கற்றுக்கொடுத்தது குறைவு’. கேட்கச் சாதுவாக இருக்கிறது அல்லவா? ஆனால் அது அவனை மட்டும் திட்டவில்லை, வளர்த்த அப்பா அம்மாவையும் சேர்த்துத் திட்டுகிறது. ‘வளர்ப்பு சரியில்லை’ என்று நம் வீடுகளில் சொன்னால் எப்படிச் சுடுமோ, அதைவிட இரண்டு மடங்கு சூடு. இன்னொரு சொல் ‘பியாடாப்’. பாரசீக வழியில் வந்தது. ‘மரியாதை இல்லாத’ என்று பொருள். நாடாளுமன்றத்தில் இந்தச் சொல் விழுந்தால் எதிர்வரிசையிலிருந்து ‘தாரிக் பாலிக்!’, அதாவது ‘திரும்பப் பெறு!’ என்ற கூச்சல் உடனே எழும்.

1969 மே 13 இனக்கலவரத்துக்குப் பிறகு நாட்டை ஒட்டவைக்க ‘ருக்குன் நெகாரா’ என்ற கோட்பாட்டை 1970 ஆகஸ்ட் 31 அன்று அறிவித்தார்கள். ஐந்து கோட்பாடுகள். இறை நம்பிக்கை, மன்னருக்கும் நாட்டுக்கும் விசுவாசம், அரசியலமைப்பின் மேன்மை, சட்டத்தின் ஆட்சி. இவை நான்கும் பெரும்பாலும் எந்த நாடும் எழுதக்கூடியவை. ஐந்தாவது ‘கெசோப்பானான் டான் கெசுசிலாஆன்’, நன்னடத்தையும் ஒழுக்கமும். மரியாதையாக நடந்துகொள்வதை நாட்டின் தூண்களில் ஒன்றாக நிறுத்தியிருப்பதைப் பார்க்கும்போது ‘பஹாசா’வின் இரண்டாவது பொருள் எவ்வளவு ஆழமாக இறங்கியிருக்கிறது என்று புரியும்.

சரி, ஒரு நிகழ்ச்சிக்குப் போய் உட்காருவோம். ஏதோ ஒரு மாவட்டத்தின் பொது மண்டபம். நிகழ்ச்சி நெறியாளர் கையில் ஒரு கோப்பு. பேச வருபவர் முதல் மூன்று நிமிடத்தைப் பெயர்களுக்கே செலவழிப்பார். பிரதமரோ, மாநில முதல்வரான மந்திரி பெசாரோ வந்திருந்தால் ‘யாங் அமாட் பெர்ஹோர்மாட்’, சட்டமன்ற, நாடாளுமன்ற உறுப்பினர் என்றால் வெறும் ‘யாங் பெர்ஹோர்மாட்’. இந்த இரண்டாவது மரியாதைச் சொல் சுருங்கி ‘ஒய்பி’ ஆகி, இன்று காய்கறிக் கடையில்கூட ‘ஒய்பி வந்தார், ஒய்பி சொன்னார்’ என்று புழங்குகிறது. அப்புறம் துன், டான்ஸ்ரீ, டத்தோஸ்ரீ, டத்தோ என்று பட்டங்கள் இறங்குவரிசையில் வரும். வரிசை தவறினால் பின்னாலிருந்து துண்டுச்சீட்டு வரும். புதிதாகக் கேட்பவருக்கு இது சலிப்பு. பழகியவருக்கு இதுவே செய்தி: யார் வந்திருக்கிறார், யார் வரவில்லை, யாருக்குப் புதிதாகப் பட்டம் கிடைத்திருக்கிறது, யார் பெயருக்கு முன்னால் இருந்த ஒன்று காணாமல் போயிருக்கிறது. உள்ளூர் அரசியலைப் பேச்சின் முதல் பத்தியிலேயே படித்துவிடலாம்.

வணக்கமும் அப்படித்தான். ‘அஸ்ஸலாமு அலைக்கும்’ முதலில். முஸ்லிம் அல்லாதவர்களுக்கு ‘சலாம் செஜாத்ரா’. இந்தியர்கள் இருந்தால் ஒரு ‘வணக்கம்’ கூடச் சேரும். அதன் பிறகு ஆட்சியின் முத்திரை. பிரதமர்களில் நஜீப் காலத்தில் ‘சலாம் 1மலேசியா’, இஸ்மாயில் சப்ரி காலத்தில் ‘சலாம் கெலுவார்கா மலேசியா’, அன்வார் காலத்தில் ‘சலாம் மலேசியா மடானி’. பழைய ஒலிப்பதிவு ஒன்று கையில் கிடைத்தால் தேதி பார்க்கவே வேண்டாம், வணக்கத்தைக் கேட்டாலே ஆண்டைச் சொல்லிவிடலாம்.

வரிசை முடிந்ததும் பேச்சாளர் தொண்டையைக் கனைத்துக்கொண்டு இதைச் சொல்வார். மலேசியாவில் பள்ளிக்குப் போன எவருக்கும் மனப்பாடம்:

‘புவா செம்பெடாக் டி லுவார் பாகார்,
அம்பில் காலா தோலோங் ஜோலோக்கான்;
சாயா பூடாக் பாரு பெலாஜார்,
காலாவ் சாலா தோலோங் துஞ்சுக்கான்.’

‘வேலிக்கு வெளியே செம்பெடாக் பழம், நீளக் கம்பெடுத்துக் கொஞ்சம் தள்ளிவிடுங்கள்; நான் இப்போதுதான் கற்றுக்கொள்ளும் பிள்ளை, தப்பிருந்தால் எடுத்துச் சொல்லுங்கள்.’ செம்பெடாக் பலாவின் சின்னத் தம்பி. வாசனை மட்டும் அண்ணனைவிடத் தூக்கல். பந்துன் என்னும் நான்கடிப் பாட்டு இது. முதல் இரண்டு அடிக்குப் ‘பெம்பாயாங்’ என்று பெயர், நிழல் காட்டுவது. பின் இரண்டு அடி ‘மக்சுட்’, கருத்து. பாகார்–பெலாஜார், ஜோலோக்கான்–துஞ்சுக்கான் என்று அடி இறுதிகள் ஒன்றுவிட்டு ஒன்று ஒலியில் கைகோக்கும். இந்தப் பாட்டில் இன்னொரு நுணுக்கமும் உண்டு. அடியின் நடுவிலும் கவனியுங்கள்: செம்பெடாக்–பூடாக், காலா–சாலா. ‘நீளக் கம்பு’ என்ற சொல்லும் ‘தப்பு’ என்ற சொல்லும் ஒரே ஒலி. நிழல் அடிகளிலேயே காது முடிவுக்குத் தயாராகிவிடுகிறது. முப்பது வருஷம் அரசியலில் ஊறிய அமைச்சர் ‘நான் இப்போதுதான் கற்கும் பிள்ளை’ என்று சொல்லும்போது ஒருவரும் நம்புவதில்லை. ஆனாலும் யாருக்கும் அது பொய்யாகப் படுவதில்லை. கம்பராமாயண அவையடக்கத்தில் பாற்கடலை நக்கிக் குடிக்க வந்த பூனை என்று கம்பர் தன்னைச் சொல்லிக்கொண்டதை நாம் எப்படி எடுத்துக்கொள்கிறோமோ அப்படித்தான்.

நிழல் அடிக்கும் கருத்து அடிக்கும் தொடர்பு உண்டா என்று மலாய் அறிஞர்களே நெடுங்காலமாக வாதாடி வருகிறார்கள். சிலவற்றில் வெறும் ஒலிப்பொருத்தம். சிலவற்றில் சங்கப் பாட்டின் உள்ளுறை மாதிரி இயற்கைக் காட்சியே கருத்தை முன்கூட்டிச் சொல்லிவிடும். புலாவ் பாண்டான் என்ற தீவு தொலைவில் கடல் நடுவே இருக்கிறது, டாயேக் மலைக்கு மூன்று சிகரம் என்று தொடங்கி, உடல் மண்ணுக்குள் கரைந்து போனாலும் செய்த நன்மை நினைவில் நிற்கும் என்று முடியும் பந்துன் மிகவும் பழையது. டாயேக் மலை இந்தோனேசியாவின் லிங்கா தீவில் உண்மையாகவே இருக்கிறது. தொலைவில் மங்கலாகத் தெரியும் தீவும் மலையும், மறைந்த மனிதரின் நினைவும் ஒன்றையொன்று தொடுகின்றன என்றுதான் என் காதுக்குப் படுகிறது. 2020 டிசம்பரில் மலேசியா, இந்தோனேசியா இரண்டின் சார்பிலும் பந்துன் யுனெஸ்கோவின் மரபுப் பட்டியலில் ஏறியது.

பொதுமேடையில் பந்துனின் பயன் வேறு. குத்த வேண்டியதைக் குத்தாமல் குத்தலாம். நிழல் அடி ஓடும் நேரம் கேட்பவருக்குக் கிடைக்கும் அவகாசம். ஏதோ வரப்போகிறது என்று தெரியும், என்னவென்று தெரியாது. வந்தவுடன் சிரிப்பு. சிரித்துவிட்டவருக்குக் கோபப்பட முடியாது. நிதியமைச்சர்கள் வரவு செலவுத் திட்டத்தை வாசிக்கும்போதுகூட நடுவில் பந்துன் வரும், மேசைகள் தட்டப்படும். எண்களுக்கு நடுவே ஒரு மூச்சு. எல்லாப் பந்துனும் நன்றாக இருக்கும் என்று சொல்ல மாட்டேன். ஒலிக்காகக் கோழியையும் மீனையும் இழுத்து வந்து கட்டிப்போட்ட பந்துன்களும் ஏராளம்.

இது மலாய்க்காரர்களின் தனிச்சொத்தாகவும் நின்றுவிடவில்லை. மலாக்காவில் பந்துனைப் பாட்டாகப் பாடி ஒருவருக்கொருவர் பதில் சொல்லும் ‘டொண்டாங் சாயாங்’ மரபில் மலாய்க்காரர்களோடு சீன வம்சாவளி பாபா நோன்யாக்களும் போர்த்துகீசிய வம்சாவளியினரும் மலாக்காச் செட்டிகளும் பாடுகிறார்கள். அந்தச் செட்டிகள் தமிழ் வணிகர்களின் வழிவந்தவர்கள். கோயிலும் பொங்கலும் நிலைத்தன, வீட்டுமொழி மலாயாகிவிட்டது. எதிர்த்திசையிலும் போக்குவரத்து இருந்தது. காப்பால், கெடாய், காட்டில், பெத்தி, மொடால் என்று மலாய்க்காரர் தினமும் பேசுவதில் நம் கப்பலும் கடையும் கட்டிலும் பெட்டியும் முதலும் இருக்கின்றன. பெரும்பாலும் வியாபாரச் சரக்கு, கவனித்தீர்களா?

இனி நாம், நாங்கள் விஷயத்துக்கு வருவோம். இதைத் தமிழருக்கு விளக்குவது சுலபம், ஏனென்றால் நமக்கு ஏற்கெனவே தெரியும். மலாயில் ‘கித்தா’ என்றால் நாம், கேட்பவரும் உள்ளே. ‘காமி’ என்றால் நாங்கள், கேட்பவர் வெளியே. தேசிய கீதத்தின் கடைசி வரியில் மன்னர் ‘ராஜா கித்தா’, நம் மன்னர். பாடுகிறவர் எல்லாரும் உள்ளே. ருக்குன் நெகாரா உறுதிமொழியிலோ ‘காமி, ரக்யாட் மலேசியா’, மலேசிய மக்களாகிய நாங்கள். உறுதிமொழி நமக்கு மேலே உள்ள ஒன்றின் முன் எடுப்பது, அதனால் அங்கே ‘நாங்கள்’தான் பொருந்தும்.

அரசியல்வாதி எப்போது கித்தா சொல்கிறார், எப்போது காமி சொல்கிறார் என்று கணக்கெடுத்தால் பேச்சின் எலும்புக்கூடு தெரியும். ‘கித்தா சிக்கனமாக இருக்க வேண்டும்’ என்பார்கள். சாதனைப் பட்டியல் வரும்போது ‘காமி சாலை போட்டோம், காமி பள்ளி கட்டினோம்’. கஷ்டத்தில் நாம், பெருமையில் நாங்கள். இன மேடைகளில் இது இன்னும் கூர்மையாகும். அங்கே ‘கித்தா’ என்பது அந்த அறையில் உள்ள நாம் மட்டும். தொலைக்காட்சியில் பார்த்துக்கொண்டிருக்கும் மற்றவர் அதில் இல்லை. அதே தலைவர் மறுநாள் தீபாவளித் திறந்த இல்ல உபசரிப்பில் ‘கித்தா’ என்பார். சொல் அதேதான், வட்டம் வேறு.

2020 மார்ச் 18 அன்று கொரோனாவுக்காக நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை தொடங்கியபோது இந்தச் சின்னச் சொல் பெரிய வேலை செய்தது. ‘கித்தா ஜாகா கித்தா’ என்ற ஹேஷ்டேக் பரவியது. நம்மை நாமே பார்த்துக்கொள்வோம். மேல்பார்வைக்கு ஒற்றுமை. கொஞ்சம் உற்றுக் கேட்டால், ‘வேறு யாரும் பார்த்துக்கொள்ளப் போவதில்லை’ என்ற முணுமுணுப்பும் அதில் உண்டு. அரசாங்கமும் அதை வாயாரச் சொன்னது, அரசாங்கத்தின் மேல் கடுப்பில் இருந்தவர்களும் சொன்னார்கள்.

அதே மார்ச் 27 அன்று பிரதமர் முகிதீன் யாசின் 25,000 கோடி ரிங்கிட் உதவித் திட்டத்தைத் தொலைக்காட்சியில் அறிவித்தார். எண்களைக் கேட்டு யாருக்கு என்ன புரியும்? அவர் ‘மாச்சிக் கியா’ என்று ஒருவரைக் கொண்டுவந்தார். வாழைப்பழப் பஜ்ஜி விற்கும் கற்பனைப் பெண்மணி. மாச்சிக் என்றால் சித்தி, அத்தை, பக்கத்து வீட்டு அம்மா எல்லாம்தான். அவருக்கு இவ்வளவு கிடைக்கும், அவர் கணவருக்கு இவ்வளவு, பிள்ளைக்கு இவ்வளவு என்று கூட்டிச் சொன்னார். மறுநாளே நாடு முழுக்க மாச்சிக் கியா கேலிச்சித்திரமாகவும் விளம்பரமாகவும் ஆகிவிட்டார். மக்கள் முகிதீனை ‘அபா’ என்றார்கள், அப்பா. சிலர் அன்பாக, பிற்பாடு பலர் கிண்டலாக. உறவுமுறை வைத்துப் பேசினால் உறவுமுறைப்படியே கணக்கும் கேட்பார்கள்.

அடுத்த சில நாட்களில் மகளிர் அமைச்சு ஒரு சறுக்கலைக் காட்டியது. வீட்டுக்குள் அடைபட்ட மனைவிமார் கணவரிடம் நச்சரிக்காமல் டோரேமோன் என்ற கார்ட்டூன் பூனையின் குரலில் கொஞ்சிப் பேசலாம் என்று சுவரொட்டி வெளியிட்டு, எதிர்ப்பு கிளம்பியதும் மன்னிப்புக் கேட்டது. இனிமையாகப் பேசு என்பது மலாய் மேடையின் அடிப்படைப் பாடம்தான். அதை வீட்டில் ஒரு பக்கத்துக்கு மட்டும் சட்டமாக்கினால் என்ன ஆகும் என்று அந்தச் சுவரொட்டி காட்டிவிட்டது.

அரண்மனை மொழியைத் தொடாமல் இந்தக் கதை நிறைவாகாது. ஒன்பது மாநிலங்களில் அரச பரம்பரை. அவர்களில் ஒருவர் ஐந்தாண்டுக்கு மாமன்னர். மன்னர் பேசுவது ‘தித்தா’. அவர் சாப்பிட மாட்டார், ‘சந்தாப்’ செய்வார். தூங்க மாட்டார், ‘பெராடு’ செய்வார். நோய் வந்தால் ‘கெரிங்’, காலமானால் ‘மங்காட்’. அவர் முன் நான் ‘பாத்தேக்’. அவர் தன்னைச் சொல்வது ‘பெத்தா’. வேடிக்கை என்னவென்றால், எல்லாரும் எல்லாரிடமும் பேசும் ‘சாயா’ என்ற ‘நான்’கூட ஒரு காலத்தில் பணியாளன் என்ற பொருளில் இருந்தது, வடமொழி ‘சகாய’ தான் அதன் மூலம். அடியேன் என்று சொல்லிச் சொல்லி ‘அடியேன்’ வெறும் ‘நான்’ ஆகிவிட்ட மாதிரி.

இந்தப் பணிவு ஒருதலையானது அல்ல என்று நினைவூட்டும் ஒரு கதை செஜாரா மெலாயு என்ற பழைய மலாய் வரலாற்று ஏட்டில் இருக்கிறது. பலெம்பாங்கில் குடிகளின் சார்பாக டெமாங் லேபார் டாவுனும், மன்னர் ஸ்ரீ திரி புவானாவும் செய்துகொண்ட உடன்படிக்கை. குடிகள் மன்னருக்குத் துரோகம் செய்யக் கூடாது. பதிலுக்கு மன்னர், குடிகள் தப்பே செய்திருந்தாலும் அவர்களைக் கெட்ட வார்த்தையால் இழிவுபடுத்தக் கூடாது. பெரிய குற்றமென்றால், சட்டப்படி கொல்லலாம். திட்டத்தான் கூடாது. உயிரைவிட மானம் பெரிது என்று ஏட்டில் எழுதிக் கையெழுத்துப் போட்ட மாதிரி இருக்கிறது.

மானத்துக்கு மலாயில் ‘மாலு’ என்று ஒரு சொல், கூச்சமும் வெட்கமும் அவமானமும் சேர்ந்தது. 2021 ஜூன் கடைசியில், சாப்பாட்டுக்கு வழியில்லாதவர்கள் வீட்டு வாசலில் வெள்ளைக்கொடி கட்டும் இயக்கம் பரவியது. வாய் திறந்து கேட்க மாலு தடுக்கும். கொடி கட்டினால் போதும், அக்கம்பக்கம் அரிசியோடு வரும். கேட்காமல் கேட்க ஒரு வழி.

அதற்கு இரண்டு வருஷம் முன்பு, 2019 தொடக்கத்தில், இதே சொல்லை முன்னாள் பிரதமர் நஜீப் ரசாக் தலைகீழாகப் புரட்டியிருந்தார். தேர்தலில் தோற்று, நீதிமன்றத்தில் குற்றச்சாட்டுகளை எதிர்கொண்டிருந்த நேரம். ‘மாலு அப்பா, போஸ்கூ?’ என்று ஒரு முழக்கம். ‘வெட்கப்பட என்ன இருக்கு, பாஸ்?’ டத்தோஸ்ரீ பட்டங்களை ஓரமாக வைத்துவிட்டு, ஒய்15 மோட்டார் சைக்கிளில் உட்கார்ந்து படம் பிடித்துக்கொண்டார். ‘பாஸ்’ என்பது மாமாக் கடைகளில், அதாவது தமிழ் முஸ்லிம்களின் உணவகங்களில், பரிமாறுபவர் வாடிக்கையாளரைக் கூப்பிடும் சொல். மரியாதை மொழியின் உச்சியில் வளர்ந்தவர் தே தாரிக் மேசைக்கு இறங்கி வந்து, மலாய்ப் பண்பாடு மிக அஞ்சும் ஒரு சொல்லையே கேள்வியாக்கினார். பேச்சுக்கலை என்ற அளவில் மட்டும் பார்த்தால் கெட்டிக்காரத்தனம். அதைச் சொன்னவரின் நிலைமையையும் சேர்த்துப் பார்த்தால் வாய் கசக்கும்.

மென்மையான இந்த மொழிக்குள் கரடுமுரடான ஓர் இடம் தமிழர்களைப் பற்றியது. ‘கெலிங்’ என்ற சொல் கலிங்கத்திலிருந்து வந்தது. பழைய மலாய் ஏடுகளில் அது ஒரு நாட்டின், மக்களின் பெயர், அவ்வளவுதான். பினாங்கில் கப்பித்தான் கெலிங் மசூதி இன்றும் அந்தப் பெயரோடு கம்பீரமாக நிற்கிறது. ஆனால் தெருவில் அந்தச் சொல் விழும்போது அது வசை. ‘அகராதியில் இருக்கிறதே, வரலாற்றுச் சொல்தானே’ என்று வாதாடுபவர்கள் எப்போதும் உண்டு. வேலிக்கு வெளியே இருக்கும் செம்பெடாக்கையே சுற்றி வளைத்துக் கேட்கத் தெரிந்த ஒரு மொழியில், கேட்பவருக்குச் சுடுகிறது என்று தெரிந்தும் சொல்வதை என்னவென்பது? அதற்கும் அந்த மொழியே பெயர் வைத்திருக்கிறது: தா தாஹு பஹாசா.

இப்போதைய மாற்றம் ஒன்றோடு நிறுத்திக்கொள்கிறேன். அரசாங்கக் கடிதங்களின் அடியில், கையெழுத்துக்கு மேல், நெடுங்காலம் ‘சாயா யாங் மெனுருட் பெரிந்தா’ என்று இருந்தது. ‘ஆணைக்குக் கீழ்ப்படியும் நான்.’ 2018 ஆட்சி மாற்றத்துக்குப் பிறகு அதை ‘சாயா யாங் மெஞ்சாலாங்கான் அமானா’ என்று மாற்றினார்கள். ‘ஒப்படைத்த பொறுப்பை நிறைவேற்றும் நான்.’ உத்தரவுக்குக் காத்திருந்தவர் பொறுப்பேற்றவராகிவிட்டார். கடிதத்தை மேலே தள்ளிப் படித்தால், முதல் வரி மட்டும் பழையபடி: ‘மரியாதையுடன் தெரிவிக்கப்படுகிறது.’